புகை வண்டிக்கு மாலை! டீசலுக்கு மறதியா?

மேட்டுப்பாளையத்துக்குக் காலையில் போய்ப் பாருங்கள். ஊட்டி மலை ரெயில் புறப்படத் தயாராக நிற்கும். நீராவி என்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். புகை கிளம்பும். விசில் கேட்கும். குழந்தைகள் கை தட்டுவார்கள். பெரியவர்கள் படம் பிடிப்பார்கள்.

வண்டி குன்னூருக்குப் போய்ச் சேரும். அங்கே நீராவி என்ஜின் கழன்றுகொள்ளும். ஒரு டீசல் என்ஜின் வந்து மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து உதகமண்டலம் வரை வண்டியைக் கொண்டு போவது அதுதான்.

அந்த டீசல் என்ஜினுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்!

நீராவி என்ஜின் என்றால் நமக்குப் பாசம். மின்சார என்ஜின் என்றால் பெருமை. இரண்டுக்கும் நடுவில் வந்த டீசல் என்ஜினை யாரும் கவனிப்பதில்லை. அதிலும் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய டீசல் என்ஜினை மறந்தே போனோம். மூத்த பிள்ளைக்கும் கடைக்குட்டிக்கும் நடுவில் பிறந்த பிள்ளையின் கதைதான்!

இது சரியல்ல என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். முதலில் அந்த என்ஜின் யார், எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வோம்.

பெயரில் உள்ள ரகசியம்

அதன் பெயர் "ஒய்.டி.எம்.4". ஏதோ மருந்துப் பெயர் போல இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம். ரெயில்வேயில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டு.

"ஒய்" என்றால் மீட்டர் கேஜ் பாதை. "டி" என்றால் டீசல். "எம்" என்றால் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கக்கூடியது. "4" என்றால் அந்த வகையில் நான்காவது மாடல்.

அகலப்பாதை என்ஜின் என்றால் முதல் எழுத்து "டபிள்யூ". மீட்டர் கேஜைவிடக் குறுகிய பாதை என்றால் "இசட்" அல்லது "என்". அடுத்த முறை ரெயில் நிலையத்தில் நிற்கும்போது என்ஜின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். இனிமேல் நீங்களே படித்துச் சொல்லிவிடலாம்.

ஒரே நாட்டில் பல பாதைகள்

நம் நாட்டில் ஏன் ஒரே அளவில் தண்டவாளம் போடவில்லை என்று கேட்கலாம். எல்லாம் பணம்தான் காரணம்!

முதலில் வந்தது அகலப்பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் 1,676 மில்லி மீட்டர் இடைவெளி. அதைப் போட அதிகச் செலவு பிடித்தது. எனவே 1870-ஐ ஒட்டி, மேயோ பிரபு வைசிராயாக இருந்த காலத்தில், செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் இடைவெளி சரியாக ஒரு மீட்டர். அகலப்பாதைக்குப் போதிய வருமானம் வராது என்று நினைத்த இடங்களில் எல்லாம் இந்தச் சின்னப் பாதை வந்தது.

தமிழ்நாட்டில் அது வேர் பிடித்தது. நாகப்பட்டினம் - திருச்சி பாதை 1861-62-ல் அகலப்பாதையாகவே திறக்கப்பட்டது. 1875-ல் அதையே மீட்டர் கேஜாகச் சுருக்கினார்கள்! சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே போகும் பாதைகள் மீட்டர் கேஜாகவே வளர்ந்தன. தஞ்சை, மதுரை, நெல்லை, ராமேசுவரம், தூத்துக்குடி எல்லாம் இந்தப் பாதையால்தான் சென்னையோடு இணைந்தன.

சின்னப் பாதை என்று குறைவாக நினைக்கவேண்டாம். 1950-51-ல் நாட்டில் இருந்த மொத்த ரெயில் பாதை சுமார் 53 ஆயிரத்து 600 கிலோ மீட்டர். அதில் சுமார் 24 ஆயிரம் கிலோ மீட்டர் மீட்டர் கேஜ். பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு!

தண்ணீர்ப் பஞ்சமும் டீசலும்

நீராவி என்ஜினுக்கு இரண்டு பசி. ஒன்று நிலக்கரி. மற்றொன்று தண்ணீர். வழி நெடுகத் தண்ணீர்த் தொட்டி வேண்டும். காலையில் ஓடவேண்டும் என்றால் பல மணி நேரம் முன்பே அடுப்பு மூட்டவேண்டும். ஓடி முடித்த பிறகு சாம்பலை அள்ளவேண்டும்.

தண்ணீர் இல்லாத ஊரில் என்ன செய்வது?

குஜராத்தில் கட்ச் பக்கம் காந்திதாம் என்ற ஊர் இருக்கிறது. வறண்ட பூமி. அந்தப் பக்கத்து மீட்டர் கேஜ் பாதைக்காக 1955-ஐ ஒட்டி பிரிட்டனிலிருந்து 20 டீசல் என்ஜின்களை வரவழைத்தார்கள். "நார்த் பிரிட்டிஷ்" என்ற கம்பெனி செய்தது. அவைதான் ஒய்.டி.எம்.1. இந்தியாவின் முக்கியப் பாதைகளில் டீசல் யுகம் இப்படி மீட்டர் கேஜில்தான் கால் வைத்தது. பெரிய பாதைக்கு முன்னால் சின்னப் பாதை டீசல் குடித்துப் பழகிவிட்டது!

அமெரிக்காவில் பிறந்தது, காசியில் வளர்ந்தது

அந்த முதல் என்ஜின்களுக்குச் சக்தி குறைவு. நாடு முழுவதும் சரக்கு இழுக்க இன்னும் பலசாலி தேவைப்பட்டது.

அப்போது அமெரிக்காவில் "ஆல்கோ" என்ற பெரிய கம்பெனி இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனக்டடி என்ற ஊரில் அதன் தொழிற்சாலை. அந்தக் கம்பெனி இந்தியாவின் மீட்டர் கேஜ் பாதைக்கு ஏற்ற ஒரு என்ஜினைச் செய்து கொடுத்தது. 1961 முதல் அவை கப்பலில் வந்து இறங்கின. அதுதான் ஒய்.டி.எம்.4. பிறகு கனடாவிலிருந்தும் அதே வகை என்ஜின்கள் வந்தன.

ஆனால் எத்தனை நாள் இறக்குமதி செய்துகொண்டிருப்பது? நாமே செய்யவேண்டாமா? காசியில், அதாவது வாரணாசியில், டீசல் என்ஜின் தொழிற்சாலைக்கு 1956-ல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். 1964 ஜனவரியில் அங்கே முடிந்த முதல் அகலப்பாதை என்ஜினை லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1968-ல் மீட்டர் கேஜ் ஒய்.டி.எம்.4 அங்கிருந்தே வெளிவந்தது.

இனிமேல்தான் வேடிக்கை. அடுத்த ஆண்டு, 1969-ல், அமெரிக்காவில் அந்த ஆல்கோ தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது! குரு வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. சீடன் வீட்டில் உலை கொதித்துக்கொண்டே இருந்தது. காசியில் பல ஆண்டுகள் இந்த என்ஜினைச் செய்தார்கள். அமெரிக்கா, கனடா, இந்தியா மூன்று இடங்களிலும் சேர்த்து 500-க்கும் மேற்பட்ட என்ஜின்கள் நம் பாதைகளுக்குக் கிடைத்தன.

அதோடு நிற்கவில்லை. 1976-ல் காசியிலிருந்து முதன்முதலாக வெளிநாட்டுக்கு என்ஜின் போனது. போன இடம் ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியா. போனது இந்த மீட்டர் கேஜ் இனம்தான். வாங்கிக்கொண்டிருந்த நாடு விற்கிற நாடானது. அதற்கு முதல் கையெழுத்துப் போட்டது நாம் மறந்துபோன இந்தச் சின்னப் பாதை என்ஜின்!

வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

டீசல் என்ஜின் என்றால் எண்ணெயின் சக்தி நேராகச் சக்கரத்தைச் சுற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். லாரியில் அப்படித்தான். ஒய்.டி.எம்.4-ல் அப்படி இல்லை.

கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். டீசல் எரிந்து மோட்டார் சுழலும். அதிலிருந்து மின்சாரம் வரும். அந்த மின்சாரத்தில் விளக்கு எரியும். இந்த என்ஜினுக்குள்ளும் அதே வேலைதான். டீசலில் ஓடும் பெரிய எந்திரம் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. வருகிற மின்சாரம் கீழே போகிறது. அங்கே ஒவ்வொரு அச்சிலும் ஒரு மின்சார மோட்டார். மொத்தம் 6 அச்சு, 6 மோட்டார். அவைதான் சக்கரத்தைச் சுற்றுகின்றன. அதாவது, தன் மின்சார நிலையத்தைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு ஓடும் வண்டி இது.

எந்திரத்துக்கு 6 சிலிண்டர். சக்தி சுமார் 1,350 குதிரைச் சக்தி. எடை சுமார் 72 டன். 72-ஐ 6 அச்சுக்குப் பங்கு போட்டால் ஓர் அச்சுக்கு 12 டன்தான் வரும். ரகசியம் இங்கேதான் இருக்கிறது! சின்னப் பாதையின் தண்டவாளமும் பாலமும் அதிகப் பாரம் தாங்காது. பலம் வேண்டும், பாரம் கூடாது. அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டதால்தான் இந்த என்ஜின் போகாத இடம் இல்லை. பாம்பன் பாலத்தின் மீதும் போனது. செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையிலும் ஏறியது. அங்கே முன்னால் ஒன்று இழுக்கும். பின்னால் ஒன்று தள்ளும்.

அகலப்பாதையில் பல ஆண்டுகள் ஓடிய புகழ்பெற்ற டபிள்யூ.டி.எம்.2 இதன் அண்ணன். இரண்டுக்கும் எந்திரம் ஒரே குடும்பம். அண்ணனுக்கு 16 சிலிண்டர், தம்பிக்கு 6. அமெரிக்காவின் அலாஸ்காவில் ஸ்காக்வே என்ற ஊரிலிருந்து கனடாவுக்குள் ஏறும் ஒரு குறுகிய மலைப்பாதை இருக்கிறது. அங்கே பனியில் தாதுப்பொருள் சுமக்க 1969-ல் ஆல்கோ அனுப்பிய என்ஜின்களும் இதற்குப் பங்காளிகள்தான். ஒரே குடும்பத்தில் பிறந்து, ஒருவன் பனியில் உழைத்தான். ஒருவன் நம் ஊர் வெயிலில் உழைத்தான்!

யாருடைய சுமையைச் சுமந்தது?

எக்ஸ்பிரஸ் வண்டியை இழுத்தால் பெயர் கிடைக்கும். கூட்ஸ் வண்டியை இழுத்தால் யார் பார்க்கிறார்கள்? கேட் மூடிவிட்டதே என்று அலுத்துக்கொள்வோம். அவ்வளவுதான்.

ஆனால் சற்று யோசியுங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் விளைந்த உப்பு எப்படி உள்நாட்டுக்குப் போனது? காவிரிக் கரையில் விளைந்த நெல் எப்படி மற்ற மாவட்டங்களுக்குப் போனது? தாழையூத்திலும் டால்மியாபுரத்திலும் செய்த சிமெண்ட் எப்படி வந்தது? வயலுக்கு உரம் எப்படி வந்தது? மீட்டர் கேஜ் காலத்தில் அவற்றில் பெரும்பங்கு இந்தப் பாதையில் ஓடிய சரக்கு வண்டிகளில்தான் போயிற்று. முதலில் நீராவி என்ஜின் இழுத்தது. பிறகு டீசல் தோள் கொடுத்தது.

சுமை அதிகமானால் இரண்டு டீசல் என்ஜின்களைச் சேர்த்து மாட்டலாம். முன்னால் உள்ள என்ஜினிலிருந்து ஒரே டிரைவர் இரண்டையும் இயக்கலாம். நீராவி என்ஜினில் அது முடியாது. இரண்டு என்ஜின் என்றால் இரண்டு அடுப்பு, இரண்டு டிரைவர், கூடவே கரி அள்ளிப்போடும் பயர்மேன்கள். கொதிக்கும் அடுப்பின் முன்னால் நின்று நிலக்கரி வாரிப்போட்டு முதுகு வளைந்த அந்தத் தொழிலாளிகளை நினைத்துப் பாருங்கள். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்குப் புகை அழகு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது கண்ணெரிச்சல். டீசல் வந்தபோது அவன் முதுகு நிமிர்ந்தது. இதைச் சொல்லாமல் நீராவி என்ஜினை மட்டும் போற்றுவது முழு உண்மை ஆகாது.

டீசலிலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. காதைத் துளைக்கும் சத்தம், எண்ணெய் நாற்றம், உஷ்ணம். ஒரு பக்கமாக ஓடும்போது டிரைவருக்கு முன்னால் நீண்ட மூக்கு போல எந்திரப் பகுதி நிற்கும். அதன் ஓரமாகத்தான் பாதையைப் பார்க்கவேண்டும். இரவு முழுவதும் அப்படி எட்டிப்பார்த்து வண்டி ஓட்டியவர்கள் நம் வீட்டு அப்பாக்களும் மாமாக்களும்தான். அவர்கள் கண் விழித்தார்கள். நாம் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தோம்.

பாதையை அகலப்படுத்தியது தவறா?

தவறே இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

காட்பாடியில் முன்பு இரண்டு பாதைகள் சந்தித்தன. ஒன்று அகலப்பாதை. மற்றொன்று விழுப்புரத்திலிருந்து வரும் மீட்டர் கேஜ். ஒரு பாதையில் வந்த வேகன் மற்றொரு பாதையில் போக முடியாது. இப்படிப் பாதை மாறும் இடங்களில் எல்லாம் மூட்டைகளை இறக்கி, வேறு வேகனில் ஏற்றவேண்டும். இரட்டை வேலை. இரட்டைக் கூலி. நேரமும் வீண். மூட்டையில் ஓட்டை விழுந்தால் நெல்லும் வீண். முடிவில் அந்தச் செலவு யார் தலையில் விழும்? கடையில் சாமான் வாங்கும் நம் தலையில்தான்!

ஆகவே, நாடு முழுவதும் ஒரே பாதை வேண்டும் என்று 1992-ல் திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு பாதையாக அகலமானது. சென்னை கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரெயில் 2004-ல் நின்றது. பாம்பன் பாலத்தில் 2007-ல் அகலப்பாதை வந்தது. செங்கோட்டை - புனலூர் பாதை 2010-ல் மூடப்பட்டு, 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தது. இன்று தூத்துக்குடியில் ஏற்றிய சரக்கு, இடையில் இறங்காமல் டெல்லி போகலாம். இது பெரிய நன்மை.

இதிலும் ஒரு குறை உண்டு. மதுரை - போடி பாதை 2010 டிசம்பரோடு மூடப்பட்டது. தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் மறுபடியும் வண்டி வந்தது. பன்னிரண்டு ஆண்டு! ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப்படிப்பையே முடித்துவிட்டது. புது வீடு கட்டுகிறவர் பழைய வீட்டை இடித்துவிட்டு, குடும்பத்தைப் பன்னிரண்டு ஆண்டு தெருவில் நிறுத்தலாமா? மாற்றம் வேண்டும். ஆனால் மாற்றத்துக்கு ஒரு கெடுவும் வேண்டும்.

கடல் தாண்டிய என்ஜின்

பாதை போனதும் என்ஜினுக்கு வேலை போனது. பல என்ஜின்களை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்.

ஆனால் சிலவற்றுக்கு வேறு வாழ்வு கிடைத்தது. 1990-களிலேயே மலேசியா ரெயில்வே இந்த என்ஜின்களை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. அங்கேயும் மீட்டர் கேஜ்தானே! ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டுக்கும் சில போயின. அந்த நாட்டுப் பாதை 1,067 மில்லி மீட்டர். நம்முடையதைவிட 67 மில்லி மீட்டர் அதிகம். ஆகவே, சக்கரங்களின் இடைவெளியை மாற்றிப் புதுப்பித்து அனுப்பினார்கள். பழைய சட்டையைப் பிரித்துத் தைத்து, பிள்ளைக்கு அளவாகப் போடும் தாயின் சாமர்த்தியம் போன்றதுதான் இது!

நாம் "கிழடு" என்று ஒதுக்கியதை மற்ற நாடுகள் "உழைப்பாளி" என்று ஏற்றுக்கொண்டன. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பொருளின் வயது முக்கியம் அல்ல. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கை இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

அந்தக் கை நம்மிடம் இருக்கிறது. திருச்சியில் பொன்மலைத் தொழிற்சாலை 1928 முதல் இயங்குகிறது. நீராவியும் டீசலும் அங்கே மறுபிறவி எடுத்திருக்கின்றன. ஊட்டி மலை ரெயிலுக்கு இந்த நூற்றாண்டில் புது நீராவி என்ஜின்களையே செய்து கொடுத்தது பொன்மலை! உலகத்தில் பல இடங்களில் மறந்துபோன கலை அது. அதைக் காப்பாற்றிய தொழிலாளிகளை எத்தனை பாராட்டினாலும் தகும்.

நீராவிக் கலையைக் காப்பாற்றிய அதே அக்கறையை டீசலுக்கும் காட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

"இது என்ன பெரிய அதிசயம்?"

"டீசல் என்ஜின் நேற்று வந்தது. இதில் பாதுகாக்க என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள்.

நேற்று இருந்தது இன்று இல்லாமல் போவதற்கு எத்தனை நாள் ஆகும்? அகலப்பாதைகளில் மிகப் பெரும்பகுதி இன்று மின்மயமாகிவிட்டது. காசி தொழிற்சாலையே மின்சார என்ஜின் செய்யும் இடமாக மாறிவிட்டது. 2020-ல் அதன் பெயரில் இருந்த "டீசல்" என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். எண்ணெய் இறக்குமதி குறையும், புகையும் குறையும், நல்லதுதான். டீசலைத் திரும்பவும் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் டீசல் யுகம் கண் முன்னால் முடிந்துகொண்டிருக்கிறது என்பதை நாம் உணரவேண்டும்.

நீராவி என்ஜின்களும் ஒரு காலத்தில் "நேற்று வந்தது" என்ற பேச்சில்தான் உடைபட்டன. மிஞ்சியவற்றுக்குத்தான் இன்று மாலை போடுகிறோம்.

"பார்க்க அழகாக இல்லையே" என்று வேறு சிலர் சொல்வார்கள். உண்மைதான். நீண்ட பெட்டி போல இருக்கும். வெளியில் சுழலும் தடியும் இல்லை. கூவும் நீராவியும் இல்லை. ஆனால் வீட்டில் உழைக்கும் அம்மிக்கல்லை அழகு பார்த்தா வைத்தோம்? சோறு போட்ட பொருளுக்கு ஒரு மரியாதை உண்டு.

"பணம் செலவாகுமே" என்பது மூன்றாவது கேள்வி. எல்லா என்ஜினையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய சில போதும்.

என்ன செய்யலாம்?

முதலாவது: சில இடங்களில் பழைய டீசல் என்ஜினுக்கு வர்ணம் பூசி மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். பாராட்டுவோம். ஆனால் நிறுத்தினால் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு பலகை வேண்டும். அதில் எளிய தமிழில் எழுதவேண்டும். இந்த என்ஜின் எங்கே பிறந்தது, எந்தப் பாதையில் ஓடியது, என்ன சுமந்தது, எத்தனை ஆண்டு உழைத்தது என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும்படி சொல்லவேண்டும். வெறும் எண்ணைப் பார்த்து யாருக்கு என்ன விளங்கும்?

இரண்டாவது: ஓர் என்ஜினின் பக்கவாட்டைத் திறந்து கண்ணாடி போடுங்கள். எந்திரம் எங்கே, ஜெனரேட்டர் எங்கே, மோட்டார் எங்கே என்று பிள்ளைகள் பார்க்கட்டும். பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் புரியாதது, பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். பொறியியல் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இதைக் கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது: இதுதான் மிக அவசரம். இந்த என்ஜினை ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். திருச்சியில், மதுரையில், விழுப்புரத்தில் ஓய்வு பெற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களில் உண்டு. அந்த அனுபவம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களைப் பேசச்சொல்லிப் பதிவு செய்யுங்கள். இரும்பு துருப்பிடிக்கக் காலம் ஆகும். மனிதனின் நினைவு அவ்வளவு நாள் காத்திருக்காது.

இதில் ரெயில்வேக்கு மட்டும் அல்ல, நமக்கும் பங்கு இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் ரெயில்வேயில் வேலை பார்த்த தாத்தா இருக்கிறாரா? பேரப்பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். "தாத்தா, நீங்கள் எந்த என்ஜினில் வேலை பார்த்தீர்கள்? ராத்திரி தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்? மழையில் சக்கரம் வழுக்கினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். தேதியும் ஊரும் போடட்டும். அதுவும் சரித்திரம்தான்!

ராஜாக்களின் வாளையும் கேடயத்தையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். நல்லது. அவை போர் செய்தன. இந்த என்ஜின் போர் செய்யவில்லை. உப்பும் அரிசியும் சிமெண்டும் உரமும் சுமந்தது. நம் ஊருக்கு நம்மையும் கொண்டுவந்து சேர்த்தது.

சுமந்தவனை இறக்கிவிட்ட பிறகு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து அனுப்புவது நம் ஊர் வழக்கம். இந்தச் சின்னப் பாதையின் பெரிய உழைப்பாளிக்கு அந்த மரியாதையையாவது செய்வோம்.